தோவாளை பில் முதல் மஸ்கட் போன் வரை: வெப் ஆப்பில் தேதியும் நேரமும் சரியாகக் காட்ட

நாகர்கோவிலில் இருந்துகொண்டு பூ வியாபாரிகளுக்கு பில் போடும் ஆப், கன்னியாகுமரி லாட்ஜ்களுக்கு அறைப் பதிவு, ஆன்லைன் டியூஷன் எடுப்பவர்களுக்கு வகுப்பு அட்டவணை என்று எழுதித் தருவதுதான் என் வேலை. மூன்றிலுமே ஆட்கள் முதலில் தொகையைப் பார்ப்பார்கள், அடுத்து தேதியைப் பார்ப்பார்கள். தேதி ஒரு நாள் தள்ளி விழுந்துவிட்டால் தொகை சரியாக இருந்தாலும் அந்த பில்லை யாரும் நம்பமாட்டார்கள். அதனால் தேதி காட்டுவதைக் கடைசி நேரத்துச் சில்லறை வேலையாக விடாமல், ஆப் தொடங்கும்போதே ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்று சொல்வேன்.

ஒழுங்கு என்றால் இதுதான்: பார்ப்பவரின் மொழி ஒன்று, எந்த ஊர் நேரம் என்பது இன்னொன்று, டேட்டாபேஸில் இருக்கும் மதிப்பு மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, திரையில் காட்டும் கடைசிப் படியில் மட்டும் எழுத்தாக மாற்ற வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இதை விளக்கத் தூரம் போக வேண்டாம். தக்கலையில் வீடு, மஸ்கட்டில் வேலை என்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அவர் போனில் தமிழ் வேண்டும். ஆனால் நேரம் ஓமன் நேரம், நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். தமிழ் என்றாலே இந்திய நேரம் என்று ஆப் முடிவு செய்தால் அவருக்கு எல்லாமே தப்பாகத் தெரியும்.

ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களை இங்கே நாம் வாயால் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். எடிட்டரில் அடிக்கும்போது அந்தந்த ஸ்பெல்லிங்கில் அடித்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பதில் மூன்று வகை

ஃபார்மேட் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கையில் இருப்பது எந்த வகைத் தேதி என்று பார்க்க வேண்டும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் வகை, ஒரு குறிப்பிட்ட கணம். பில் அடித்த நேரம், பணம் வந்த நேரம், ஒருவர் லாகின் செய்த நேரம். உலகம் முழுவதற்கும் அது ஒரே கணம்தான். எந்த ஊரிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எழுதும் விதம் மாறும். இதை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வையுங்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால் டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகை. பெயரில் டைம்ஸோன் இருந்தாலும் அது நேர மண்டலத்தைச் சேமிப்பதில்லை, கணத்தை மட்டுமே வைத்திருக்கும். எந்த ஊரில் நடந்தது என்பது வேண்டுமென்றால் டேபிளில் தனி காலம் (நெடுவரிசை) போட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாம் வகை, தேதி மட்டும். பிறந்த நாள், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள், லாட்ஜில் அறை எடுக்கும் நாள். இதில் மணியே கிடையாது. மணி இல்லாத ஒன்றை நள்ளிரவு 12 மணி என்று மாற்றிச் சேமித்தால், அந்த நள்ளிரவு எந்த ஊர் நள்ளிரவு என்ற கேள்வி வந்து நிற்கும். டேட் வகை காலத்திலேயே வையுங்கள். ஏபிஐயிலும் ஆண்டு-மாதம்-நாள் என்று பத்து எழுத்து ஸ்ட்ரிங்காகவே அனுப்புங்கள்.

மூன்றாம் வகை, ஒரு ஊரின் கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் வருங்கால நிகழ்ச்சி. நாகர்கோவிலில் இருந்து ஓர் ஆசிரியர் நியூஜெர்சி பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் ஊரில் காலை 8 மணிக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் அது நமக்கு மாலை 5:30. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். அதற்கப்புறம் அதே வகுப்பு நமக்கு மாலை 6:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடியும் 5:30க்கு வந்துவிடும். இந்தியாவில் இந்த வழக்கம் இல்லாததால் நம் ஆட்களுக்கு இது சட்டென்று தோன்றுவதில்லை. இப்படிப்பட்ட நிகழ்ச்சியை யுடிசியாக மாற்றி வைத்தால் நவம்பரில் பிள்ளைகள் ஒரு பக்கமும் வாத்தியார் ஒரு பக்கமும் காத்திருப்பார்கள். ‘காலை 8:00’ என்பதையும் ‘அமெரிக்கா/நியூயார்க்’ என்ற மண்டலப் பெயரையும் சேர்த்து வைத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் கணத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள். மைனஸ் நாலு, மைனஸ் ஐந்து என்று வித்தியாசத்தை மட்டும் வைப்பது போதாது. அது பாதி வருடத்துக்குத்தான் உண்மை.

விடியற்காலை பில்லுக்கு நேற்றைய தேதி

தோவாளை பூ மார்க்கெட்டில் ஊர் தூங்கும்போதே வியாபாரம் தொடங்கிவிடும். பிச்சியும் மல்லியும் அரளியும் மூட்டை மூட்டையாக இறங்கி, விடிவதற்குள் பாதிச் சரக்கு கேரளாவுக்கு வண்டி ஏறியிருக்கும். ஓணம் சமயத்தில் இன்னும் நெருக்கடி. 2025இல் திருவோணம் செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள், வியாழன் அதிகாலை 4 மணிக்கு ஒரு பில் அடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். இந்திய நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே அந்தக் கணம் யுடிசியில் செப்டம்பர் 3, இரவு 10:30.

இப்போது டெவலப்பர் என்ன செய்கிறார்? இன்றைய தேதி வேண்டும் என்று டேட் ஆப்ஜெக்ட்டில் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் கூப்பிட்டு, முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துக்கொள்கிறார். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வழி அதுதான். டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் எப்போதும் யுடிசியில்தான் எழுதும். ஆகவே வியாழக்கிழமை பில்லில் புதன்கிழமை தேதி விழும். நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை அடிக்கும் எல்லா பில்லுக்கும் இதே கதி. பத்து மணிக்கு ஆபீஸ் வந்து சோதித்துப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. பூக்கடைக்கும் மீன் ஏலத்துக்கும், சூரிய உதயம் பார்க்க விடியற்காலை வண்டியில் வந்து இறங்கி அறை கேட்பவர்களை வைத்துப் பிழைக்கும் லாட்ஜுக்கும் அந்த ஐந்தரை மணி நேரம்தான் முக்கியமான நேரம்.

சரியான வழி, ‘ஏஷியா/கொல்கத்தா’ மண்டலத்தில் இப்போது என்ன தேதி என்று நேரடியாகக் கேட்பது. இன்ட்ல் என்ற ஆப்ஜெக்ட்டுக்குள் டேட்டைம்ஃபார்மேட் இருக்கிறது. அதற்கு டைம்ஸோன் என்ற விருப்பத்தில் ‘ஏஷியா/கொல்கத்தா’வைக் கொடுத்து, ஆண்டை நியூமெரிக் என்றும், மாதத்தையும் நாளையும் டூடிஜிட் என்றும் கேட்டு, ஃபார்மேட்டுபார்ட்ஸ் கூப்பிடுங்கள். ஆண்டு, மாதம், நாள் தனித்தனித் துண்டுகளாக வரும். நீங்களே சேர்த்து ஆண்டு-மாதம்-நாள் ஆக்கிக்கொள்ளலாம். கனடா ஆங்கிலத்தைக் கொடுத்தால் நேராக அந்த வடிவமே வருகிறதே என்று சிலர் அந்தக் குறுக்கு வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது மனிதர் படிக்க எழுதப்படும் வடிவம். எந்தப் பதிப்பிலும் மாறலாம். டேட்டாபேஸுக்குப் போகும் தேதியை அதன்மேல் நிறுத்தி வைக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கென்று புதிதாக வந்த டெம்பரல் இருக்கும் இடத்தில் டெம்பரல்.நவ் என்பதில் ப்ளெயின்டேட்ஐஎஸ்ஓவுக்கு மண்டலப் பெயரைக் கொடுத்தால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் 139இல் அது வந்துவிட்டது. பழைய போன்களையும் ஆதரிக்க வேண்டுமென்றால் பாலிஃபில் (பிரவுசரில் இல்லாத வசதியை நிரப்பும் துணைப் புரோகிராம்) வேண்டியிருக்கும்.

‘இன்றைய மொத்த விற்பனை’ ரிப்போர்ட்டிலும் இதே பொறி உண்டு. எஸ்க்யூஎல்லில் தேதி வாரியாகக் கூட்டுவதற்கு முன்னால் அந்தக் கணத்தை ‘அட் டைம் ஸோன்’ போட்டு இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தேதியை எடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். இரவு 11 மணிக்கு இறங்கும் சரக்கை மறுநாள் கணக்கில் எழுதும் வியாபாரி இருப்பார். அவருடைய நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. அவருக்கு ‘வியாபார நாள்’ என்று தனியாக ஒரு டேட் காலம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கணத்திலிருந்து அதை ஊகிக்க ஃபார்முலா எழுதினால், ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அது மாறிக்கொண்டே இருக்கும்.

தேதி மட்டும் இருந்தால்

எங்கள் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். இதை ஒரு ஆப்பில் காட்ட வேண்டும் என்று வையுங்கள்.

‘2025-04-15’ என்ற ஸ்ட்ரிங்கை நியூ டேட்டுக்குள் போட்டால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நாகர்கோவிலில் அது ஏப்ரல் 15 காலை 5:30. தேதி சரியாகத் தெரியும். நியூயார்க்கில் இருந்து பார்க்கும் தம்பிக்கு அது ஏப்ரல் 14 இரவு 8 மணி. அவருக்குத் தடை ஒரு நாள் முன்னாலேயே தொடங்கிவிடும். நாம் யுடிசிக்குக் கிழக்கே இருப்பதால் இந்தத் தவறு நமக்குத் தெரிவதே இல்லை, மேற்கே இருப்பவர்களிடம்தான் வெளிப்படும். அதே ஸ்ட்ரிங்கின் பின்னால் மணியைச் சேர்த்து, மண்டலக் குறி இல்லாமல் எழுதினால், அப்போது அதைப் பார்ப்பவரின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஒரே மொழியில் இரண்டு விதி. இரண்டையும் மனதில் வைத்திருங்கள்.

தேதி மட்டும் உள்ளதைக் காட்ட நான் கையாளும் வழி: யுடிசி நள்ளிரவாகவே படித்து, டேட்டைம்ஃபார்மேட்டுக்கும் டைம்ஸோன் ‘யுடிசி’ என்றே கொடுத்துவிடுவது. படித்த மண்டலமும் எழுதும் மண்டலமும் ஒன்றாக இருப்பதால் யார் எங்கிருந்து பார்த்தாலும் ஏப்ரல் 15தான். தொடக்கம், முடிவு இரண்டையும் சேர்த்துக் காட்ட ஃபார்மேட்ரேஞ்ச் இருக்கிறது. இரண்டு தேதியும் ஒரே ஆண்டில் இருந்தால் ஆண்டை ஒரு தடவைதான் எழுதும், ஒரே மாதத்தில் இருந்தால் மாதத்தையும் அப்படியே. இதற்கென்று நாம் இஃப் எல்ஸ் எழுத வேண்டாம்.

எக்செல்லில் இருந்து வரும் தேதிகளில் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஆட்கள் மே 4ஐ 04/05/2025 என்று எழுதி அனுப்புவார்கள். நியூ டேட் அதை அமெரிக்க முறையில் ஏப்ரல் 5 என்று படித்துவிடும், எந்தப் பிழையும் காட்டாது. 15/04/2025 வந்தால்தான் குரோம் செல்லாத தேதி என்று சொல்லும். அதாவது மாதத்தின் முதல் 12 நாள் மௌனமாகத் தப்பாகும், மீதி நாள் சத்தமாகத் தப்பாகும். இறக்குமதி செய்யும் இடத்தில் சாய்கோட்டில் பிரித்து, நாள் எது மாதம் எது என்று நீங்களே சொல்லிப் படியுங்கள். எண்களாகக் கொடுத்து நியூ டேட் கூப்பிட்டால் மாதம் பூஜ்யத்தில் தொடங்கும் என்பதையும் அப்போது மறக்காதீர்கள்.

ஃபார்மில் தேதி கேட்க பிரவுசரின் டேட் இன்புட்டையே வைக்கலாம். திரையில் அது பிரவுசரின் மொழிக்குத் தக்கபடி காட்டும், ஆனால் நம் கைக்கு வரும் மதிப்பு எப்போதும் ஆண்டு-மாதம்-நாள்தான்.

தமிழில் காட்டுவது

இனி உண்மையான ஃபார்மேட். டேட்டைம்ஃபார்மேட்டின் முதல் இடத்தில் மொழிக் குறி, இரண்டாம் இடத்தில் விருப்பங்கள். இந்தியத் தமிழுக்கு ‘டிஏ-ஐஎன்’. இலங்கைக்கு ‘டிஏ-எல்கே’, சிங்கப்பூருக்கு ‘டிஏ-எஸ்ஜி’, மலேசியாவுக்கு ‘டிஏ-எம்ஒய்’. நாலும் ஒன்றல்ல. இலங்கைத் தமிழுக்கு 24 மணி நேரக் கணக்கு வரும், நமக்கு 12 மணி நேரக் கணக்கு. இந்த விவரமெல்லாம் யூனிகோடின் சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பில் இருந்து வருகிறது. பிரவுசர்கள் அதை உள்ளேயே வைத்திருக்கின்றன.

டேட்ஸ்டைல் என்ற விருப்பத்துக்கு நாலு மதிப்பு. ஃபுல் கொடுத்தால் ‘வியாழன், 4 செப்டம்பர், 2025’ என்று வரும். லாங் என்றால் கிழமை போய்விடும். மீடியம் ‘4 செப்., 2025’. ஷார்ட் ‘4/9/25’. இதில் ஷார்ட்டை நான் எங்கும் போடுவதில்லை. அதையே ஆங்கிலத்தில், அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர் ஏப்ரல் 9 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. பில் பிரிண்டர் மட்டும் விதிவிலக்கு. 2 இன்ச் தாளில் இடம் குறைவு, அந்த பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்தை இமேஜாக மாற்றித்தான் அச்சிட முடியும். அங்கே 04-09-2025 என்று எண்ணிலேயே, ஆண்டை நாலு இலக்கத்தில் எழுதுங்கள்.

டேட்ஸ்டைலோடு ‘வீக்டே’ (கிழமை), ‘அவர்’ (மணி) போன்ற தனி விருப்பங்களைக் கலந்தால் டைப்எரர் வரும். ஒன்று ஸ்டைல், இல்லையென்றால் தனித்தனி விருப்பம். டைம்ஸோனை இரண்டோடும் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும்.

கிழமையில் ஒரு விஷயம். இன்ட்ல் கொடுப்பது ‘வெள்ளி’, ‘ஞாயிறு’ என்று மட்டும்தான். அறைப் பதிவு உறுதிச் செய்தியில் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று முழுசாக இருந்தால்தான் படிக்க நன்றாக இருக்கும். பின்னால் ‘கிழமை’யை ஒட்டினால் ‘ஞாயிறுகிழமை’, ‘வியாழன்கிழமை’ என்று தப்பாக வரும். ஏழே ஏழு பெயர்தானே, ஒரு அட்டவணையாக எழுதி வைத்துவிடுங்கள். அந்த அட்டவணைக்கான எண்ணை, கிழமை எண் தரும் ‘கெட்டே’ ஃபங்ஷன் மூலம் எடுக்காதீர்கள், அது பார்ப்பவரின் மெஷின் மண்டலத்தில் கணக்கிடும். இந்திய நேரத்தில் அமெரிக்க ஆங்கிலக் கிழமையை ஷார்ட்டாகக் கேட்டு, அதைச் சாவியாக வைத்து அட்டவணையில் எடுங்கள்.

வேற்றுமை உருபையும் தேதியோடு ஒட்ட வேண்டாம். ‘2025-ல்’, ‘செப்டம்பர் 4-க்குள்’ என்று டெம்ப்ளேட்டில் எழுதினால் ஸ்டைல் மாறும்போது ஒட்டு தப்பாகும். அன்று, முதல், வரை என்று தனியாக நிற்கும் சொற்களை வைத்து வாக்கியத்தை அமையுங்கள். ‘4 செப்டம்பர், 2025 அன்று’ எந்த ஸ்டைலிலும் நிற்கும். வரிசை பிடிக்கவில்லை, பத்திரிகைகளில் வருவது போல ‘செப்டம்பர் 4, 2025’ வேண்டும் என்றால் ஃபார்மேட்டுபார்ட்ஸ் கொடுக்கும் துண்டுகளை மாற்றி அடுக்கலாம்.

கிராஃபில் மாதப் பெயருக்கு இடமில்லை என்று மிகச் சுருக்கமான ‘நேரோ’ வடிவம் கொடுத்தால் ஜூனும் ஜூலையும் இரண்டுமே ‘ஜூ’. தடைக்காலக் கணக்கில் அந்த இரண்டு மாதமும்தான் முக்கியம், ஆகவே ஷார்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ் எண்கள் வேண்டுமென்றால் மொழிக் குறியின் பின்னால் ‘யு-என்யு-டமில்டெக்’ சேர்த்தால் ௪, ௨௦௨௫ என்று எழுதும். அதன் ஸ்பெல்லிங் டி, ஏ, எம், எல், டி, இ, சி. அழைப்பிதழுக்கு அது அழகு. பில்லிலும் டிக்கெட்டிலும் வேண்டாம், படிக்கிறவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

காலெண்டர் விருப்பத்தில் ‘இந்தியன்’ என்று ஒன்று இருப்பதைப் பார்த்து, சித்திரை வைகாசி வரும் என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அது சக ஆண்டு. மார்ச் 22 வாக்கில் தொடங்கும் அரசு தேசியக் காலண்டர். தமிழ் மாதமும், கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) இன்ட்ல்லில் கிடையாது. எங்கள் மாவட்டம் முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பின்பு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. பழைய நிலப் பத்திரங்களைத் திறந்தால் கொல்லம் ஆண்டில்தான் தேதி இருக்கும். பத்திர விவரம் சேமிக்கும் ஆப் எழுதினால், பத்திரத்தில் உள்ளதை உள்ளபடி ஒரு டெக்ஸ்ட் காலத்திலும், ஆள் பார்த்து உறுதி செய்த ஆங்கிலத் தேதியை இன்னொரு காலத்திலும் வையுங்கள். தானாக மாற்றும் புரோகிராமை நம்பி மூலத்தைத் தூக்கிப் போட வேண்டாம்.

அதிகாலை 4, மாலை 5, இரவு 8

நேரத்தைத் தமிழில் எழுதுவதில்தான் எனக்கு அதிக அக்கறை. டைம்ஸ்டைலை ஷார்ட் என்று கொடுத்தால் முற்பகல், பிற்பகல் என்றோ, ஏஎம், பிஎம் என்றோ, சிஎல்டிஆர் பதிப்பைப் பொறுத்து வரும். முற்பகல் 4:00 என்று பூ மார்க்கெட்டில் யாரும் சொல்வதில்லை. இரவு 9 மணியைப் பிற்பகல் 9:00 என்றும் யாரும் சொல்வதில்லை.

டேபீரியட் என்ற விருப்பம் இதற்காகவே இருக்கிறது. ‘அவர்’ நியூமெரிக், ‘மினிட்’ டூடிஜிட், டேபீரியட் லாங் என்று கொடுத்தால் ‘அதிகாலை 4:00’ என்று எழுதும். விடிந்தபின் காலை, 12 மணிக்கு மேல் மதியம், 2 மணிக்கு மேல் பிற்பகல், 4 மணிக்கு மேல் மாலை. 12 மணி நேரக் கணக்கில்தான் இது வேலை செய்யும், ஆகவே ‘டிஏ-எல்கே’ என்றால் அவர்12 ட்ரூ என்றும் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு உறுத்தல்: மாலை 6 முதல் இரவு 9 வரை ‘அந்தி மாலை’ என்று வரும். ‘அந்தி மாலை 8:15’க்கு ரயில் என்று எழுதினால் பயணி திகைத்துப்போவார். ஃபார்மேட்டுபார்ட்ஸில் டேபீரியட் வகைத் துண்டைப் பிடித்து, மணி 7 அல்லது 8 என்றால் ‘இரவு’ என்றும், 6 என்றால் ‘மாலை’ என்றும் மாற்றி விடுங்கள். நாலு வரி ஃபங்ஷன்தான். அதைச் செய்து கொடுத்தால் பெரியவர்களும் ஒரு தடவையில் படித்துப் புரிந்துகொள்வார்கள்.

24 மணி நேரக் கணக்கு வேண்டிய இடத்தில் அவர்12 ஃபால்ஸ் என்று கொடுக்காமல் அவர்சைக்கிள் ‘எச்23’ கொடுங்கள். முதல் வழியில் அமெரிக்க ஆங்கிலத்தில் நள்ளிரவு 24:00 என்று வரக்கூடும்.

நேற்று, நாளை என்று எழுத ரிலேட்டிவ்டைம்ஃபார்மேட். நியூமெரிக் என்ற விருப்பத்தை ஆட்டோ ஆக்கினால் ‘1 நாளுக்கு முன்’ என்பதற்குப் பதில் ‘நேற்று’ என்றும், இரண்டு நாள் தள்ளி என்றால் ‘நாளை மறுநாள்’ என்றும் எழுதும். ஆனால் கணக்குப் போடுவது அதன் வேலை இல்லை, எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும். இரவு 11 மணிக்கு அடித்த பில்லை விடியற்காலை 4 மணிக்குப் பார்த்தால் ஐந்து மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் அது நேற்றைய பில். மணி நேரத்தை 24ஆல் வகுக்காமல், இரண்டு கணத்தையும் இந்தியத் தேதியாக்கி அந்தத் தேதிகளின் வித்தியாசத்தை எடுங்கள்.

யாருக்கு எந்த மொழி, எந்த நேரம்

நேவிகேட்டர்.லாங்வேஜ் சொல்வதை மட்டும் நம்பி மொழியை முடிவு செய்யாதீர்கள். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் போனிலும் கடைக்காரர் வைத்துக் கொடுத்த ஆங்கிலமே இருக்கும். அதைத் தொடக்க யூகமாக எடுத்துக்கொண்டு, முதல் திரையிலேயே தமிழ், ஆங்கிலம், மலையாளம் என்று தேர்வு கொடுத்து, புரொஃபைலில் சேமித்துவிடுங்கள். மார்த்தாண்டத்துக்கு அப்பால் கடை வைத்திருப்பவர்களுக்கு மலையாளம் உண்மையிலேயே வேண்டும்.

நேர மண்டலத்துக்கு, ரிசால்வ்ட்ஆப்ஷன்ஸ் கூப்பிட்டால் பார்ப்பவரின் மண்டலப் பெயர் கிடைக்கும். குரோம் நம் நாட்டுக்குப் பழைய பெயரான ‘ஏஷியா/கல்கட்டா’வைத் திருப்பிக் கொடுப்பது உண்டு. ‘ஏஷியா/கொல்கத்தா’வோடு ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டு ‘இவர் வெளிநாட்டில் இருக்கிறார்’ என்று ஆப் முடிவு செய்தால் வம்பு. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுப் பட்டியலில் ‘கொல்கத்தா’ என்று காட்டுவதைவிட ‘இந்திய நேரம்’, ‘துபாய், ஓமன் நேரம்’, ‘சவுதி, குவைத், கத்தார் நேரம்’ என்று காட்டினால் மக்கள் சட்டென்று தொட்டுவிடுவார்கள். துபாயும் ஓமனும் யுடிசி கூட்டல் 4, சவுதி வரிசை கூட்டல் 3.

எதை யார் நேரத்தில் காட்டுவது என்பதை நிகழ்ச்சிதான் முடிவு செய்யும். லாட்ஜில் அறைக்குள் போகும் நேரம் எப்போதும் கன்னியாகுமரி நேரம், மஸ்கட்டில் இருந்து புக் செய்தாலும் அப்படித்தான். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு நேரமும் அப்படியே. ஆன்லைன் வகுப்பு என்றால் பார்ப்பவரின் நேரம். பக்கத்தில் நடத்துபவரின் நேரத்தையும் சின்ன எழுத்தில் போடுங்கள். இரண்டும் வேறு என்றால் ‘இந்திய நேரம்’ என்று எழுதியே காட்டுங்கள்.

சர்வரிலும் சோதனையிலும்

சர்வர் பெரும்பாலும் யுடிசியில் ஓடும், பிரவுசர் இந்திய நேரத்தில். ரியாக்ட் போன்றவற்றில் சர்வர் எழுதிய பக்கமும் பிரவுசர் எழுதியதும் ஒத்துப்போகாமல் ஹைட்ரேஷன் எச்சரிக்கை வரும். மொழியையும் டைம்ஸோனையும் இரண்டு பக்கமும் வெளிப்படையாகக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் 13க்கு முந்தின பதிப்புகளில் ஆங்கிலம் மட்டுமே உள்ளே இருந்தது. ‘டிஏ-ஐஎன்’ கேட்டாலும் பிழை காட்டாமல் ஆங்கிலத்தில் எழுதிவிடும். பழைய சர்வர் கையில் இருந்தால் சப்போர்ட்டட்லோக்கேல்ஸ்ஆஃப் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆயிரம் வரி உள்ள பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் டுலோக்கேல்ஸ்ட்ரிங் கூப்பிட்டால் பழைய போன்கள் திணறும். ஒரு டேட்டைம்ஃபார்மேட்டை ஒரே தடவை உருவாக்கி, எல்லா வரிக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

டெஸ்ட் எழுதும்போது திரையில் வரும் எழுத்தை அப்படியே ஒப்பிட வேண்டாம். சிஎல்டிஆர் 42இல் ஆங்கிலத்தில் பிஎம் என்பதற்கு முன்னால் இருந்த சாதாரண இடைவெளி, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத குறுகிய இடைவெளியாக மாறியது. ஒப்பிட்டுப் பார்த்த டெஸ்ட்டுகளும், அந்த எழுத்தைத் திரும்பப் படித்த புரோகிராம் கோடும் உடைந்தன. மனிதருக்காக எழுதியதைக் கோடு திரும்பப் படிக்கவே கூடாது. ஹெச்டிஎம்எல்லில் டைம் டேக் போட்டு, அதன் டேட்டைம் அட்ரிப்யூட்டில் ஐஎஸ்ஓ வடிவத்தையும் உள்ளே தமிழையும் வைத்தால் இரண்டு தேவையும் தீரும்.

கடைசியாக, டெர்மினலில் டிஇசட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை மாற்றி மாற்றி ஒரே டெஸ்ட்டை ஓட்டுங்கள்: ஒரு தடவை ஏஷியா/கொல்கத்தா, ஒரு தடவை அமெரிக்கா/நியூயார்க், ஒரு தடவை யுடிசி. குரோம் டெவ்டூல்ஸில் சென்சார்ஸ் பகுதியில் இடத்தை மாற்றினால் மண்டலமும் மொழியும் சேர்ந்து மாறும். கண்ணால் பார்க்க அது நல்லது. சோதிக்கும் கணங்களாக நள்ளிரவு 12:05, அதிகாலை 4:00, காலை 5:29, 5:31, டிசம்பர் 31 இரவு ஆகியவற்றை வையுங்கள். ஆண்டுக் கடைசியில் ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில் சின்ன ஒய்க்குப் பதில் பெரிய ஒய் நாலு இருந்தால், சில லைப்ரரிகளில் அது வாரக் கணக்கு ஆண்டு. டிசம்பர் 30 பில்லில் அடுத்த ஆண்டு விழக்கூடும்.